ஐஸ்பெட்டியில் வந்த தசை

எங்கள் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெயர் ஐஸ்பெட்டி. பதினான்கு வருஷம் சலவைப் பிரிவில் ரத்தக்கறைத் துணியோடு மல்லுக்கட்டியபோது யாரும் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. முழங்கால் போய், ஈரத்தில் நிற்க முடியாமல், கீழ்த்தள ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாற்றலாகி, கையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கொடுத்த மறுநாளே பெயர் வந்துவிட்டது. நான் லிப்ட் ஓட்டுகிறவன். பெட்டி போகும்போதெல்லாம் அதுவும் அக்காவும் என் லிப்டில்தான் ஏறி இறங்குவார்கள். ஆகவே நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது. மீதி அக்காவும் அவள் மகனும் சொன்னது.

பெட்டிக்குள் ஐஸ். ஐஸுக்குள் ஒரு குப்பி. குப்பிக்குள் சுண்டுவிரல் நகமளவு தசை. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கும்போதே, தாயிடம் முன்கூட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வயிற்றுத் தசையில் ஒரு துணுக்கை வெட்டிக் கொடுப்பார்கள். அதை அக்கா பத்து நிமிடத்துக்குள் கீழே கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு குடுவையில் புகை கக்கிக்கொண்டிருக்கும் நைட்ரஜன் திரவத்தில் போட்டால் அது அப்படியே உறைந்துவிடும். குடுவையை மேலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று நானும் கேட்டேன். ஒருமுறை வைத்தார்களாம். அது சிந்தி, ஒரு நர்ஸின் கால் செருப்போடு சேர்ந்து வெந்ததுபோல ஆகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குடுவைக்குத் தியேட்டரில் தடை.

அக்காவுக்கு ஒரே மகன். நாலேமுக்கால் என்று கூப்பிட்டால்தான் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். பிறந்தபோது நாலேமுக்கால் கிலோ. இங்கே பிரசவ அறையில் அன்று வைத்த பெயர். இப்போது இருபத்தெட்டு வயது, போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. அம்மாவுக்குச் சாப்பாட்டுப் பை கொண்டுவரும்போதெல்லாம், "என்னடா நாலேமுக்கால், இப்ப எவ்வளவு?" என்று யாராவது கேட்பார்கள். "அறுபத்திரண்டு. பேரை மாத்தணும்னா மனு கொடுங்க" என்பான். பையை இடது கையில்தான் பிடித்திருப்பான். வலது கை தோளுக்கு மேலே போகாது. பிறக்கும்போது தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. இழுத்ததில் கழுத்து நரம்பு போய்விட்டது.

குழந்தை அவ்வளவு பெரிதானதற்குக் காரணம் அக்காவுக்குக் கர்ப்பத்தில் வந்த சர்க்கரை. அப்போது அவளுக்கு யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. பிரசவம் முடிந்த பிறகுதான், ஒரு டாக்டர் குழந்தையின் எடையையும் கையையும் பார்த்துவிட்டு, சர்க்கரை இருந்திருக்கும் என்றார். அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குப் போனது. வீட்டில் நாத்தனார் இருந்தாள், அக்காவின் புருஷனுக்கு மூத்தவள். மேல்மாடியில் குடி. வாய் மட்டும் எல்லா மாடியிலும் குடி.

"வாயைக் கட்டியிருந்தா பையன் கை தூக்கியிருக்கும்."

இதுதான் நாத்தனாரின் வாக்கியம். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு எழுத்து மாறவில்லை என்பான் நாலேமுக்கால். பையன் பந்து எறிய முடியாமல் நின்றபோது சொன்னாள். சட்டை மாட்டத் திணறியபோது சொன்னாள். பெண் பார்க்கப் போன இடத்தில் தட்டிக் கழித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் படியிறங்கி வந்து சொன்னாள். அக்காவின் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அக்கா பக்கமும் பேசமாட்டார், தமக்கை பக்கமும் பேசமாட்டார், லாரியைக் கழுவப் போய்விடுவார்.

அக்காவும் பதில் சொன்னதில்லை. காரணத்தை என்னிடம் ஒருநாள் சொன்னாள்.

"ஏழாம் மாசத்துல ரெண்டு டப்பா கெட்டி இனிப்புப் பால் தின்னேன் தம்பி. கரண்டி போடாம, விரலை விட்டு வழிச்சே தின்னேன். அந்தம்மா பார்த்துட்டாங்க. பொய்யின்னு எப்படிச் சொல்றது?"

அக்காவுக்குப் பெட்டியைக் கொடுத்தவர் ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா. நடக்கும்போதுகூட ஓடுகிற மாதிரி நடப்பார். கீழ்த்தளத்துக்கு மாறிவந்த முதல் மாதம் அக்கா அவரிடம் லிப்டில் வைத்துக் கேட்டாள், இந்தத் துணுக்கில் என்னதான் தேடுகிறீர்கள் என்று. டாக்டரம்மா என் லிப்டைச் சுற்றிப் பார்த்தார்.

"இப்ப இந்த லிப்டையே எடுத்துக்குங்க. வெளியே ஒருத்தர் பட்டனை அழுத்துறார். உள்ளே அண்ணனுக்கு மணி அடிக்குது. அண்ணன் லிப்டைக் கொண்டு போறார். கதவு திறக்குது, வராந்தாவுல நிக்கிற ஜனம் உள்ளே வருது. சரியா?"

"அண்ணன் தூங்கலைன்னா சரி" என்றாள் அக்கா.

"நம்ம தசையில ஒவ்வொரு செல்லும் இப்படித்தான். வராந்தாவுல நிக்கிற ஜனம் ரத்தத்துல இருக்கிற சர்க்கரை. பட்டனை அழுத்துற விரல்தான் இன்சுலின். அழுத்தினதும் உள்ளே ஒரு புரதம் மணி மாதிரி அடிச்சுச் சேதி சொல்லும். அந்தச் சேதி போனாத்தான் சர்க்கரையை ஏத்துற லிப்ட் செல்லோட சுவர் வரைக்கும் மேலே வரும். இப்ப, பட்டன் நல்லா இருக்கு. விரல் அழுத்திக்கிட்டே இருக்கு. லிப்டும் ரிப்பேர் இல்ல. ஆனா மணிக்குள்ள யாரோ பஞ்சை அடைச்சிருக்காங்க. என்ன ஆகும்?"

"வராந்தா ரொம்பிடும். என்னைத் திட்டுவாங்க" என்றேன்.

"அதேதான் அண்ணே. ரத்தத்துல சர்க்கரை ரொம்பிடும். உடம்பு இன்னும் பத்து விரலை அனுப்பி அழுத்தச் சொல்லும். அதுக்குத்தான் இன்சுலின் எதிர்ப்புன்னு பேரு."

பஞ்சு அடைக்கிறவர் யார் என்பதுதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. அதையும் டாக்டரம்மா சொன்னார். நஞ்சுக்கொடி. அது ரத்தத்தில் விடுகிற ஹார்மோன்களும், அதுவும் உடம்புக் கொழுப்பும் சேர்ந்து கசியவிடுகிற அழற்சிப் பொருள்களும் போய், அந்த மணிப் புரதத்தில் ஒட்டக் கூடாத இடத்தில் பாஸ்பேட் என்கிற சின்ன வேதிப்பொருளை ஒட்டவைத்துவிடுகின்றன. ஒட்ட வேண்டிய இடத்துக்கு டைரோசின் என்று பேராம், ஒட்டக் கூடாத இடத்துக்கு செரின். தப்பான இடத்தில் ஒட்டினால் அதுதான் பஞ்சு, மணி ஊமை. இது எல்லாக் கர்ப்பிணிக்கும் கொஞ்சம் நடக்கும், நடக்கவும் வேண்டும். தாயின் தசை கொஞ்சம் செவிடானால்தான் சர்க்கரை குழந்தைக்கு மிஞ்சும். பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துவிடுகிறது. சிலருக்கு முடிவதில்லை.

"அந்தச் சில பேருக்குப் பஞ்சு மத்தவங்களைவிட அதிகமா இருக்கான்னுதான் எண்ணப்போறேன். சர்க்கரை வந்தவங்க நாப்பது பேர், வராதவங்க நாப்பது பேர்."

"அப்ப சாப்பாடு?" என்றாள் அக்கா.

"சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு, எடைக்கும் உண்டு. ஆனா ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட ரெண்டு பேர்ல ஒருத்திக்கு ஏன் வருது, இன்னொருத்திக்கு ஏன் வரலை?"

அன்றிலிருந்து அந்தப் பெட்டியை அவள் தூக்கிய விதமே வேறு.

மூன்றரை வருஷம் தூக்கினாள். சர்க்கரைத் தாய்மார்களுக்குத் தேதி குறித்து அறுவை செய்வார்கள். அது இரண்டாம் மாடித் தியேட்டர். சர்க்கரை இல்லாதவர்கள் பெரும்பாலும் திடீரென்று வந்தவர்கள். குழந்தை திரும்பிப் படுத்தது, வலி நின்றது, அப்படி. அவர்களுக்கு ஆறாம் மாடி அவசரத் தியேட்டர். உள்கதவுக்கு அப்பால் கைக்கடிகாரம், வளையல், போன் எதுவும் கூடாது. எனவே துணுக்கு குப்பிக்குள் விழுந்ததும் அக்கா அங்கே சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். கீழே குடுவையில் போட்டதும் ஆராய்ச்சிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவாள். டாக்டரம்மாவின் கம்ப்யூட்டர் இரண்டையும் கழித்து, பத்து நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பு காட்டும். மூன்றரை வருஷத்தில் ஆறாம் மாடிக்கு ஒரு சிவப்புகூட வரவில்லை. இரண்டாம் மாடிக்கு ஏழு நிமிடம் என்றால் ஆறாம் மாடிக்கு மூன்று, மூன்றரை. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சிவப்பு வந்தால்தானே கேட்பார்கள். நான் அக்காவை ஆறாம் மாடியில் ஏற்றினால் நடுவில் எங்கும் நிறுத்தாமல் கொண்டுபோய் இறக்குவேன். அதனால்தான் மூன்று நிமிடம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கேன்டீனில் இதைச் சொல்லி ஒரு டீகூட வாங்கிக் குடித்திருக்கிறேன்.

கணக்கும் நன்றாகவே வந்தது. சர்க்கரைத் தாய்மார்களின் தசையில் தப்பான இடத்துப் பாஸ்பேட் இரண்டு மடங்குக்கும் மேல். டாக்டரம்மா அந்தப் படத்தை அக்காவிடம்தான் முதலில் காட்டினார். சர்க்கரை வந்தவர்கள் வரிசையில் கறுப்புப் பட்டைகள் தடிமனாக, வராதவர்கள் வரிசையில் மெலிசாக. அக்கா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே படியேறி நாத்தனாரிடம் போயிருக்கிறாள். இருபத்தைந்து வருஷத்தில் முதல் பதில்.

"அண்ணி, இது என் வாய் பண்ணின வேலை இல்ல. நஞ்சுக்கொடி பண்ணினது. எண்ணியே பார்த்துட்டாங்க. அச்சுல வரப்போகுது."

நாத்தனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனைப் பார்த்தாளாம். "என்ன இது, தார் ரோடு மாதிரி இருக்கு" என்றாளாம். ஆனால் அதன் பிறகு இரண்டு மாதம் அந்த வாக்கியம் வரவில்லை. வீட்டில் ஏதோ சத்தம் குறைகிற மாதிரி இருக்கிறதே என்று மாமா, அதாவது அக்காவின் புருஷன், லாரியைச் சோதித்துப் பார்த்தார் என்று நாலேமுக்கால் சொல்வான். அவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

டாக்டரம்மா ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்ப இரண்டு வாரம் இருந்தபோது என் லிப்டின் இரும்புக் கயிற்றை மாற்ற ஆள் வந்தது. அன்று பகல் பதினொரு மணிக்கு ஆறாம் மாடியில் ஒரு துணுக்கு. நாற்பது ஆகிவிட்டது, இது உதிரியாக எடுத்துவைப்பது. அக்கா படியில் இறங்கினாள். நூற்றிருபது படி. முழங்கால் ஒத்துழைக்காமல் மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து எழுந்து, கீழே வந்து குடுவையில் போட்டுவிட்டு நேரத்தை எழுதினாள். கழித்துப் பார்த்தாள். ஏழு நிமிடம்.

நான் கீழே சும்மா நின்றுகொண்டிருந்தேன். நேராக என்னிடம் வந்தாள்.

"தம்பி, ஆறு மாடி இறங்கி, நடுவுல உக்காந்து வந்திருக்கேன். ஏழு நிமிஷமாம்."

"நல்லதுதானே. லிப்டே வேணாம்போல."

"சிரிக்காத. எனக்கு முட்டி வலி இருக்கு, மூளை வலி இல்ல. ஏழு நிமிஷத்துல நான் சலவைக்கட்டுலேருந்து கேட்டுக்கே போக மாட்டேன்."

மறுநாள் லிப்ட் ஓடியது. அக்கா கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்து ஆறாம் மாடி உள்கதவுக்கு வெளியே நிறுத்தினாள். உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நாப்பது" என்று கத்தினாள். என் கையில் பத்து முப்பது.

பிறகு தலைமை நர்ஸிடம் கேட்டாள். அவர் ஊசி எண்ணிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அது எங்க தியேட்டர் நேரம்மா. பத்து நிமிஷம் முன்னால வெச்சாத்தான் எங்க பொண்ணுங்க டியூட்டி மாத்த நேரத்துக்கு வருவாங்க. நான் வந்ததுலேருந்து அப்படித்தான். குழந்தை பிறந்த நேரம் எழுதும்போது பத்தைக் கழிச்சு எழுதிடுவோம். எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாதே சிஸ்டர்."

"நீ பெட்டி தூக்கிட்டுப் போறவ, உனக்கு எதுக்குத் தெரியணும்?"

ஆக, மூன்று நிமிடம் என்பது பதின்மூன்று. அந்த மாடியின் நீள வராந்தாவை அக்காவின் முழங்கால் கடந்து என் லிப்டுக்கு வரவே பாதி நேரம். நான் நிமிர்த்திய நெஞ்சைப் பழையபடி வைத்துக்கொண்டேன். பதின்மூன்றானால் என்ன கெட்டுவிடும் என்று அக்காவைத்தான் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. வெட்டிய தசை உடனே சாவதில்லை. ஐஸில் இருந்தாலும் அதற்குள் வேலை கொஞ்சம் நடந்துகொண்டேதான் இருக்கும். அந்த வேலைகளில் ஒன்று, ஒட்டின பாஸ்பேட்டைக் கழற்றுவது. உறைகிறவரைக்கும் கழன்றுகொண்டே இருக்கும். ஆறாம் மாடியிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் சர்க்கரை இல்லாதவர்கள். அவர்கள் தசையில் பஞ்சு குறைவாக இருந்ததா, வழியில் உதிர்ந்ததா, இதை யாராலும் இப்போது சொல்ல முடியாது.

"அப்ப அந்தப் படம்?" என்றேன்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் இரு அக்கா என்று நான்தான் சொன்னேன், உங்களிடம் அதை மறைப்பானேன். நாற்பதும் நாற்பதும் முடிந்தது, கட்டுரை போகப்போகிறது, கடிகாரத்தை யார் பார்க்கப்போகிறார்கள். நாத்தனார் வாயும் இப்போதுதான் மூடியிருக்கிறது.

"நான் போன பிறகு வேற ஒருத்தி இந்தப் பெட்டியைத் தூக்குவா இல்ல?" என்றாள். "அவ முட்டி நல்லா இருந்தாலும் ஒருநாள் லிப்ட் நிக்கும். அவளும் கழிச்சுப் பார்ப்பா. எவடி இந்த நோட்டை எழுதினவன்னு கேப்பா."

மூன்றாம் நாள் டாக்டரம்மா லிப்டில் ஏறியபோது அக்கா சொல்லிவிட்டாள். நான் இருந்தேன். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா ஐந்தாம் மாடியில் இறங்க வேண்டியவர். இறங்கவில்லை. என்னிடம் கீழே போகச் சொன்னார். கீழே போனதும் மேலே போகச் சொன்னார். இப்படி இரண்டு முறை போய்வந்தோம். வெளியே நின்றவர்கள் முறைத்தார்கள். பிறகு கேட்டார், "வராதவங்க நாப்பதுல ஆறாம் மாடி எத்தனை அக்கா?"

"முப்பத்தொண்ணு."

"வந்தவங்கள்ல?"

"நாலு."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குடுவையைத் தியேட்டர் கதவுக்கு வெளியே ஒரே ஒருநாள் வைக்க அனுமதி வாங்கி, அடுத்த அறுவையில் கிடைத்த ஒரு துணுக்கை இரண்டாக வெட்டி, ஒன்றை மூன்றாம் நிமிடத்திலும் மற்றதைப் பதின்மூன்றாம் நிமிடத்திலும் உறையவைத்தார். ஒரே தாய், ஒரே தசை. மூன்றாம் நிமிடத்துப் பட்டை கறுப்பாக இருந்தது, பதின்மூன்றாம் நிமிடத்துப் பட்டை வெளுத்திருந்தது. ஆறாம் மாடியின் முப்பத்தைந்து துணுக்குகளும் கணக்கிலிருந்து போயின. மிஞ்சினதில் சர்க்கரை இல்லாதவர்கள் ஒன்பதே பேர். ஒன்பது பேரை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. கட்டுரை போகவில்லை.

"அக்கா, இதைச் சொல்லாம இருந்துடலாம்னு தோணலையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தோணுச்சு. ரெண்டு நாள் தோணுச்சு."

"நஞ்சுக்கொடி மணியை அடைக்குதுங்கிறது பொய்யில்ல அக்கா. அது வேற இடங்கள்ல எண்ணிப் பார்த்தது, புத்தகத்துலயே இருக்கு. நம்ம எண்ணிக்கைதான் தப்பு."

"புத்தகத்துல இருக்கிறது இருக்கட்டும்மா. வீட்டுல நான் காட்டினது நான் தூக்கிட்டு வந்ததை."

அன்று சாயங்காலம் அக்கா மறுபடி படியேறினாள். போகாதே என்று மகன் சொன்னான். அத்தை கேட்கவே இல்லையே, நாமாகப் போய் ஏன் கொடுக்க வேண்டும் என்றான். போனாள். அவனும் பின்னாலேயே போனான், நடக்கப்போவதைத் தவறவிட மனமில்லாமல்.

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா நின்றபடியே சொன்னாள்.

"அண்ணி, அன்னைக்கு ஒரு படம் காட்டினேன்ல. அது தப்பு. கடிகாரம் பத்து நிமிஷம் முந்தியிருந்திருக்கு. மறுபடி எண்ணப்போறாங்க. இப்போதைக்கு நிரூபணம் ஆகல."

நாத்தனார் ஒரு துண்டை மடித்து முடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல. வாயைக் கட்டியிருந்தா..."

"நீங்க சொன்னதும் நிரூபணம் ஆகல அண்ணி" என்றாள் அக்கா. "அதை யாரும் எண்ணிக்கூடப் பார்க்கல."

நாலேமுக்கால் இதைக் கேன்டீனில் குறைந்தது இருபது முறை நடித்துக் காட்டியிருக்கிறான். அத்தை அடுத்த துண்டை எடுத்தாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள் என்று இடது கையாலேயே காட்டுவான். அப்புறம் என்ன சொன்னாள் என்று கேட்டால், "மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில துணி கிடக்குன்னு சொன்னாங்க" என்பான்.

அதற்குப் பிறகு ஒன்றேமுக்கால் வருஷம். தலைமை நர்ஸ் தன் கடிகாரத்தைத் திருத்தச் சம்மதிக்கவில்லை. டாக்டரம்மா பெட்டியிலேயே ஒரு சின்ன நேரங்காட்டியைக் கட்டிவிட்டார், துணுக்கு விழும்போது அமுக்கினால் குடுவையில் போடும்வரை ஓடும். ஆறாம் மாடிக்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டு, கதவிலிருந்து என் லிப்ட் வரை அவர் ஓடிவந்து அக்காவிடம் கொடுக்க ஏற்பாடு செய்தார். நான் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம், உண்மையான நிமிடங்கள். சில நாள் சிவப்பு வந்தது. வந்ததை அக்கா சிவப்பு மையாலேயே எழுதினாள்.

மறு எண்ணிக்கை அவள் ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது வந்தது. சர்க்கரை வந்தவர்களின் தசையில் தப்பான இடத்துப் பாஸ்பேட் அதிகம்தான். ஆனால் இரண்டு மடங்கெல்லாம் இல்லை. முன்பு காட்டிய வித்தியாசத்தில் பாதிகூடத் தேறாது. இருக்கிறது, அவ்வளவுதான். பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கெல்லாம் ஒன்று போலத்தான் தெரிந்தது. அளந்து பார்த்தால்தான் தெரியுமாம். டாக்டரம்மா கட்டுரையை அனுப்பினார். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் அக்காவின் பெயர் இருக்கிறது, ஆஸ்பத்திரி வைத்த பெயர் அல்ல, பெற்றவர்கள் வைத்தது.

"படம் எடுத்துக்கலையா அக்கா?" என்று கேட்டேன்.

"எடுத்தேன்."

"மேல போய்க் காட்டினியா?"

"இல்ல. கேட்டா காட்டுவேன்."

அவள் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. நாத்தனார் இன்னும் கேட்கவில்லை.